ஒயில் குழாய் போல்ற்றும் செம்பு வாஷரும்: வன்னிக் கராஜ்களின் கவனத்துக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஒயில் செல்லும் குழாய்களின் இணைப்புகளை மாற்றும்போது எங்கள் வன்னிப் பகுதிக் கராஜ்களில் திரும்பத் திரும்ப நடக்கும், பொருந்தாத போல்ற்றையும் பழைய வாஷர்களையும் போட்டு இறுக்கும் தவறைப் பற்றி, தங்கள் பத்திரிகையின் வாயிலாகக் கராஜ் வைத்திருப்போர், உதிரிப்பாகக் கடைக்காரர், தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிப்போர் ஆகியோரின் கவனத்துக்கு இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராகப் பணியாற்றுகிறேன். அந்தப் பணிக்கு வருவதற்கு முன் இளமையில் சில ஆண்டுகள் புதுக்குடியிருப்பில் ஒரு கராஜில் வேலை பழகியவன் என்பதால், இத்தொழிலின் கஷ்டங்களை அறிந்தே எழுதுகிறேன்.

எனது வண்டி ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்கப்பட்ட 250 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி. குளக்கட்டுகளிலும் வயல் வரம்புகளிலும் கிரவல் ஒழுங்கைகளிலும் ஓடுவதற்கு அதைவிட ஏற்றது எனக்குக் கிடைக்கவில்லை. அதன் எஞ்சினில் மேற்பகுதியான ஹெட்டுக்கு ஒயிலைக் கொண்டு செல்லும் குழாய் உள்ளே மறைந்திராமல் வலது பக்கமாக வெளியில் ஏறிச் செல்கிறது. அடியிலுள்ள பம்ப் தள்ளும் ஒயில் இந்தக் குழாய் வழியாகத்தான் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுக்கும் ரொக்கர் கைகளுக்கும் போய்ச் சேர்கிறது. குழாயின் இரு நுனிகளிலும் வளையம் போன்ற ஒரு கண் இருக்கும். அந்தக் கண்ணின் ஊடாக நடுவில் துளையிட்ட ஒரு போல்ற் இறங்கும். கடைகளில் அதைப் பாஞ்சோ போல்ற் என்பார்கள். ஒயில் போல்ற்றின் உள்ளே போய், அதன் பக்கத்துளை வழியாகக் கண்ணுக்குள் பரவி, குழாயில் ஏறும். கண்ணுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செம்பிலோ அலுமினியத்திலோ செய்த இரண்டு மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒயிலை வெளியே வராமல் தடுப்பவை அந்த இரண்டு வாஷர்களே. போல்ற்றின் புரி பிடிமானத்துக்கு மட்டும் உரியது. கசிவைத் தடுப்பது அதன் வேலையன்று. இந்த ஒரு விடயம் சரியாக விளங்கியிருந்தால் நான் கீழே சொல்லப்போகும் எதுவுமே நடந்திருக்காது.

கடந்த தை மாதம் அந்தக் குழாயின் மேல் முனையில் சிறிது ஈரம் தெரிந்தது. ஒயிலில் செம்மண் தூசி அப்பி, ஹெட்டின் ஒரு பக்கம் சேறு பூசியது போல் இருந்தது. வேலை நாட்களில் எனக்கு நேரம் கிடைக்காததால் ஏ9 வீதியோரத்தில் உள்ள ஒரு கராஜில் வண்டியை விட்டேன். அங்கிருந்த இளைஞர் போல்ற்றைக் கழற்றியபோது அதன் தலை உருண்டு போயிருந்ததால் புதிய போல்ற் தேவைப்பட்டது. பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கிவந்து பூட்டிவிட்டு, “அண்ணை, கிட்டத்தட்ட அதே போல்ற்தான். நல்லா இறுக்கி விட்டிருக்கிறன், இனி ஒரு சொட்டும் வராது” என்றார். சொன்னது போலவே இரண்டு கிழமைகள் ஒரு சொட்டும் வரவில்லை. எனக்கும் அவர் மீது நம்பிக்கை வந்தது.

மாசி மாதத்தின் ஒரு மாலை, ஒலுமடுப் பக்கத்தில் ஒருவரின் பசு காலையில் வேட்கைக்கு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. காலையில் வேட்கை காட்டிய பசுவுக்கு அன்று மாலையே செயற்கை முறையில் சினைப்படுத்த வேண்டும். தவறினால் அடுத்த வேட்கைக்குச் சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். விந்தை உறைநிலையில் வைத்திருக்கும் நைதரசன் கொள்கலனைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வீதியில் புறப்பட்டேன். கரிப்பட்டமுறிப்பைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்பேன், சுட்ட ஒயிலின் மணம் வந்தது. முன்னால் போன உழவு இயந்திரத்தினுடையது என்று நினைத்தேன். அது ஓர் ஒழுங்கையில் திரும்பிப் போன பின்பும் மணம் போகவில்லை. குனிந்து பார்த்தபோது வலது காற்சட்டை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கறுத்து நனைந்திருந்தது. சைலன்சர் குழாயில் ஒயில் விழுந்து வெள்ளையாகப் புகைந்தது. எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே ஹெட்டுக்குள் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பின் ரயரின் வலது ஓரத்திலும் ஒயில் படர்ந்திருந்தது. ஒரு வளைவில் சரிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க முடியுமோ தெரியாது. இருபக்கமும் காடு; பொழுதுபட்டால் யானை இறங்கும் வீதி அது. அவ்வழியாக வந்த ஒரு லான்ட்மாஸ்ரர் பெட்டியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அந்தப் பசுவின் சொந்தக்காரருக்கு மூன்று கிழமை போயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் நானே கழற்றினேன். 1.3 லீற்றர் பிடிக்கும் எஞ்சினிலிருந்து வடிந்தது அரை லீற்றருக்கும் குறைவு. மேல் போல்ற் விரலாலேயே சுழன்று வந்தது. அதன் புரிகளுக்கிடையே அலுமினியத் துருவல் சுருள்சுருளாகச் சிக்கியிருந்தது. அது ஹெட்டிலிருந்து பிய்ந்து வந்த புரி. அதற்கு மேல் நீர்க்குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை ரேப் நாலைந்து சுற்றுச் சுற்றப்பட்டிருந்தது. வாஷர்கள் இரண்டும் பழையவை. அவற்றில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். பழைய கண் அமர்ந்த வட்டத் தழும்பு ஒன்று. புதிதாக இறுக்கியபோது விழுந்த வட்டத் தழும்பு இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல், கிரகணத்தில் சூரியனைச் சந்திரன் கடிப்பது போல் விலகி வெட்டிக்கொண்டிருந்தன. அவை வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு மயிரிழைப் பள்ளம். ஒயில் வந்த வழி அதுவே.

இனி அந்தப் போல்ற் ஏன் பொருந்தவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் வண்டியின் ஹெட்டில் இருந்தது 10 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் பிட்ச்சும் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரம்) கொண்ட புரி. கடையில் கொடுத்தது வேறொரு வண்டியின் முன் டிஸ்க் பிறேக் குழாய்க்கு வரும் போல்ற். அதுவும் 10 மில்லிமீற்றர்தான், ஆனால் அதன் பிட்ச் 1.0. கண்ணால் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஆனால் 10 மில்லிமீற்றர் நீளத்துக்குள் முதலாவதில் 8 புரிகளும் இரண்டாவதில் 10 புரிகளும் இருக்கும். ஆகவே ஒன்றின் துளைக்குள் மற்றதை விட்டால் ஒன்று இரண்டு சுற்றுக்கள் இலகுவாக இறங்கி, அதன் பின் இறுகும். அந்த இறுக்கத்தைப் போல்ற் சரியாகப் பிடிக்கிறது என்று எண்ணி ஸ்பானரைப் போட்டு அழுத்தினால், இரும்புப் போல்ற் அலுமினிய ஹெட்டின் புரியை அறுத்துக்கொண்டே இறங்கும். அன்றைக்கு அது நிற்கும். எஞ்சின் சூடாகும்போது அலுமினியம் இரும்பைவிடக் கூடுதலாக விரியும். ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வும் சேர்ந்து, அறுந்து மிஞ்சிய புரியில் தொங்கிக்கொண்டிருக்கும் போல்ற் ஒருநாள் தளர்ந்துவிடும். எனக்கு அது இரண்டு கிழமைகள் எடுத்தது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. உழவு இயந்திரங்களிலும் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் காணப்படும் எட்டிலொரு அங்குலக் குழாய்ப் புரி, அங்குலத்துக்கு 28 புரிகள் கொண்டது. அதன் வெளிவிட்டம் 9.7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. 10 மில்லிமீற்றர், 1.0 பிட்ச் போல்ற்றோடு அதை வைத்துப் பார்த்தால் அனுபவமுள்ளவரும் ஏமாறுவார். பெட்டிக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்து, கை போட்டுத் துழாவி எடுத்துக் கொடுக்கும் கடையில் இது நடக்காமல் இருந்தால்தான் வியப்பு.

புரியின் அளவு சரியாக இருந்தாலும் நீளமும் பார்க்க வேண்டும். போல்ற் இறங்கும் துளை பெரும்பாலும் அடி மூடிய துளை. போல்ற் ஓரிரு மில்லிமீற்றர் நீளமாக இருந்தால் அதன் நுனி துளையின் அடியில் போய் முட்டிவிடும். ஸ்பானரைப் பிடித்தவருக்கு நன்றாக இறுகிவிட்டது போலத் தெரியும். ஆனால் வாஷர்கள் இரண்டும் நசியாமல் சும்மா இருக்கும். அதேபோல, எஞ்சின் தயாரித்தவர்கள் சில இடங்களில் போல்ற்றின் உட்துளையை வேண்டுமென்றே சிறிதாக அளந்து வைத்திருப்பார்கள். மேலே எவ்வளவு ஒயில் போக வேண்டும், கீழே கிராங்குத் தண்டுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் துளையே. அந்த இடத்தில் பெரிய துளையுள்ள பிறேக் போல்ற்றைப் போட்டால் கசிவு இல்லாமலே எஞ்சினின் ஒரு பகுதி ஒயில் குறைந்து தேயக்கூடும். எனவே பழைய போல்ற்றையும் புதிய போல்ற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புரி, நீளம், உட்துளை, பக்கத்துளை இருக்கும் உயரம் ஆகிய நான்கையும் பார்க்காமல் மாற்றக்கூடாது.

ரேப் சுற்றுவதைப் பற்றிக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். கசிவைத் தடுப்பது வாஷர் என்பதால் போல்ற்றின் புரியில் ரேப் சுற்றுவதால் எள்ளளவும் பயனில்லை. ஆனால் தீங்கு உண்டு. நான் குழாயை ஊதிப் பார்த்தபோது மேல் கண்ணின் வாயில் நுளம்பின் சிறகளவு வெள்ளைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் துளைகளின் வழியாக ஒயில் ஏறும் எஞ்சினில் அந்தத் துணுக்கு எங்கே போய் அடைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. சிவப்புச் சிலிக்கன் பசையும் அப்படியே. வெளியே பிதுங்கித் தெரியும் பசையைத் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்பதை நினைப்பவர் குறைவு.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியின் கராஜ்கள் எப்படி ஓடின என்பதை எனது வயதினர் அறிவார்கள். சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயிலே ஓட்டினோம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்று தெரிந்தும் ஓட்டினோம். கடதாசி மட்டையில் பக்கிங் வெட்டினோம். செம்புத் தகட்டில் துளைபோட்டு அரத்தால் ராவி வாஷர் செய்தோம். 2006 ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர் ஒரு சிறு வாஷரையும் வீசாமல் பொறுக்கி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி மீண்டும் போட்டோம். ‘உள்ளதைக் கொண்டு ஓட்டு’ என்பது அன்று எங்களைக் காத்த பாடம். என் முதலாளி அந்தப் பாடத்தில் பெரிய விண்ணர். ஆனால் அவரும் ஒருபோதும் தவறான பிட்ச் போல்ற்றை இறுக்கவிடமாட்டார். பொருந்தாததைக் கட்டாயப்படுத்துவதைவிட வண்டியை இரண்டு நாள் நிறுத்திவைப்பது மேல் என்பார்.

இன்றைக்கு வீதி திறந்திருக்கிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் காலையில் உதிரிப்பாகத்தைப் பொதி செய்தால் இரவு பஸ்ஸில் மாங்குளத்துக்கு வந்துவிடும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் புதிய வண்டி வராமலிருந்ததால் எங்களுடைய வண்டிகள் எல்லாம் கிழடுதட்டிவிட்டன. 2025 இல் மீண்டும் இறக்குமதி தொடங்கியிருந்தாலும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் எங்கள் பகுதியில் பெரும்பாலோர் பழைய வண்டியையே வைத்திருக்க வேண்டிய நிலை. பதினைந்து, இருபது வருடம் ஓடிய எஞ்சினில் போல்ற்றுகளும் குழாய்களும் மாற்ற வேண்டி வருவது இயல்பு. ஆகவே இந்த வேலை இனிக் கூடுமே தவிரக் குறையாது. தடைக்காலத்துக் கைப்பழக்கம் தடை நீங்கிய பிறகும் தொடர்வதே என் கவலை.

என்னுடைய எஞ்சினில் ஹெட்டைக் கழற்றியே திருத்த வேண்டியதாயிற்று. கேம் தண்டில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. ரொக்கர் ஒன்றின் முகம் பொரிந்து போயிருந்தது. வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் அறுந்த துளையைப் பெரிதாக்கிப் புதுப்புரி வெட்டி, அதற்குள் சுருள்கம்பிப் புரி இறக்கித் தந்தார்கள். அந்த வேலை பழுதில்லை. கவனமாகச் செய்தால் பழைய அலுமினியப் புரியைவிட உறுதியாகவே நிற்கும். கேமும் ரொக்கரும் கொழும்பிலிருந்து பாவித்ததாக வந்தன. வண்டி இல்லாமல் மூன்று கிழமைகள் போயின. இவ்வளவுக்கும் காரணம் ஒரு பிளேன்ரீக் காசுக்கு மேல் போகாத இரண்டு வாஷர்களும், சற்றுத் தேடினால் கிடைத்திருக்கக்கூடிய ஒரு போல்ற்றும்.

நான் மீண்டும் பூட்டிய விதத்தை எழுதுகிறேன். இளம் மெக்கானிக்குகள் எவரேனும் வாசித்தால் பயன்படும். முதலில் இணைப்பைச் சுற்றியுள்ள மண்ணையும் ஒயிலையும் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு முற்றாகக் கழுவினேன். எங்கள் ஊர்க் கிரவல் தூசி எஞ்சினுக்குள் போனால் அரத்தூள் போட்டது போல் அரைக்கும். எனவே கழுவாமல் போல்ற்றைத் திறப்பதே தவறு. குழாயைப் பெற்றோலால் அலசிக் காற்றடித்து, மறு நுனியில் காற்று தடையின்றி வருகிறதா என்று கன்னத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிய போல்ற்றையும் பழைய மூலப் போல்ற்றையும் புரிக்குள் புரி படுக்குமாறு ஒட்டவைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். இடையில் வெளிச்சம் தெரியாமல் பல்லுக்குப் பல் படுத்தால் ஒரே பிட்ச். ஓரிடத்தில் படுத்து மற்ற இடத்தில் விலகினால் வேறு பிட்ச். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். அதன் பின் போல்ற்றை விரலால் மட்டும் சுழற்றி இறக்கினேன். வாஷரில் தொடும்வரை விரலாலேயே இறங்க வேண்டும். இடையில் இறுகினால் ஸ்பானரைத் தொடாமல் திருப்பிக் கழற்ற வேண்டும் என்பதை ஒவ்வொரு கராஜிலும் சுவரில் எழுதிவைக்கலாம்.

வாஷர் புதியதுதான் போட வேண்டும். தூர இடத்தில் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லை என்றால் மட்டும், செம்பு வாஷரை அடுப்புச் சுவாலையில் மங்கிய சிவப்பாகும் வரை சுட்டு ஆறவிட்டால் அது மீண்டும் மென்மையாகும்; மேலே படிந்த கறுப்பை மென்மையான உரைதாளில் தேய்த்து எடுத்துவிட்டுப் போடலாம். தண்ணீரில் போட்டு ஆற்றினாலும் செம்பு கடினமாகாது. ஆனால் அலுமினிய வாஷரில் இதைச் செய்ய முயலக் கூடாது. அது சிவந்து எச்சரிக்கை காட்டாது. 660 பாகை செல்சியஸில் திடீரென்று உருகி விழும்.

இறுக்குவதைப் பற்றி. உள்ளே துளையிட்ட போல்ற், அதே பருமனுள்ள திண்மமான போல்ற்றைவிடப் பலம் குறைந்தது. 10 மில்லிமீற்றர் இரும்புப் பாஞ்சோ போல்ற்றுக்குப் பெரும்பாலும் 20 நியூற்றன் மீற்றரை ஒட்டிய இறுக்கமே போதும். சரியான அளவை அந்தந்த வண்டியின் சேர்விஸ் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பானரின் நுனியில் 10 கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவு விசையோ அவ்வளவுதான் அது. அரை அந்தர் உரமூட்டையைத் தூக்கிப் பழகிய கைக்கு இது மிகச் சிறிய விசை. அதனால்தான் எங்கள் கராஜ்களில் பெரும்பாலும் கூடுதலாகவே இறுகுகிறது. கழுத்து இழுபட்டு, அடுத்த முறை கழற்றும்போது போல்ற் உள்ளேயே முறிகிறது. விசை அளக்கும் ஸ்பானர் ஒன்று ஒவ்வொரு கராஜிலும் இருக்க வேண்டும் என்பது ஆடம்பரமான எதிர்பார்ப்பன்று.

பூட்டி முடிந்ததும் நேரே ஓட்டக் கூடாது. ஒயிலை அளவுக்கு ஊற்றி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பலமுறை மெதுவாக உதைத்து ஒயிலை மேலே ஏற்றினேன். பிறகு பிளக்கைப் போட்டு எஞ்சினைத் தணிவாக ஓடவிட்டு, மேல் போல்ற்றை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். ஒரு நிமிடத்துக்குள் கண்ணைச் சுற்றி ஒயில் கசிந்து வந்தது. மேலே ஒயில் போகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். வராவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். மீண்டும் அளவாக இறுக்கித் துடைத்து, அடியில் வெள்ளைத்தாள் விரித்து இரவு முழுவதும் விட்டேன். காலையில் தாள் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் உள்ள வண்டிகளில் வேறொரு தவறு நடக்கிறது. எனது அயலவரின் பல்சர் 220 இல் கூலருக்குப் போகும் ஹோஸ் வெடித்துவிட்டது. முழு ஹோஸும் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்பதால், அவசரத்துக்குப் பெற்றோல் ஹோஸ் ஒன்றை வெட்டிக் கிளிப் போட்டு இறுக்கிக் கொடுத்திருந்தார்கள். பெற்றோல் ஹோஸ் காற்று வெப்பத்தில் சொட்டுச் சொட்டாக வரும் பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. எஞ்சின் ஒயிலோ, பங்குனி வெயிலில் பொதியோடு ஓடும்போது 100 பாகையைத் தாண்டும். பம்பின் அழுத்தமும் அதன் மேல் இருக்கும். பத்து நாளில் ஹோஸ் ஊதிப் பருத்து, கிளிப்பிலிருந்து நழுவத் தொடங்கியது. நல்லவேளையாக அவர் வீட்டு முற்றத்தில் நிற்கும்போதே கண்டார்.

இதற்கு எங்கள் ஊரிலேயே வழி உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நெல் அறுவடை இயந்திரங்களும் பெக்கோக்களும் உள்ள இடம் இது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவற்றுக்கு ஹைட்ரோலிக் ஹோஸ் வெட்டி, நுனியில் இரும்புக் கண் வைத்து மெசினில் அழுத்திக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. அத்தகைய ஹோஸ் தாங்கும் அழுத்தத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் ஒயில் பம்பின் அழுத்தம் ஒரு பொருட்டே அல்ல. வெப்பத்துக்கு மட்டும் ஏற்ற வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண வகை 100 பாகை வரையில்தான் நீண்டகாலம் தாங்கும். அயலவருக்கு அப்படியே செய்வித்தோம். பழைய ஹோஸை எறிந்துவிடாமல் கொண்டுபோனதால் உள்விட்டமும் நீளமும் சரியாக வந்தன. அதைவிட முக்கியம், இரு நுனிக் கண்களும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கின்றன என்பது. அழுத்திய பின் அதை மாற்ற முடியாது. கோணம் பிழைத்தால் ஹோஸை முறுக்கித்தான் பூட்ட வேண்டிவரும், முறுக்கிய ஹோஸ் போல்ற்றைத் தளர்த்திக்கொண்டே இருக்கும். வெட்டும்போது உள்ளே விழும் றபர் தூளையும் கம்பித் துணுக்கையும் காற்றடித்துத் துப்புரவாக்காமல் வாங்கிவரக் கூடாது. பூட்டும்போது கூலரின் கழுத்தை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு மற்ற ஸ்பானரால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒரே ஸ்பானரால் செய்தால் அலுமினியக் கழுத்து திருகி வெடிக்கும். ஹாண்டிலை இருபக்கமும் முழுதாகத் திருப்பி ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, சைலன்சர் குழாயில் முட்டவில்லை என்று பார்த்த பின்பே வேலை முடிந்தது எனலாம்.

உதிரிப்பாகக் கடைக்காரரிடம் என் வேண்டுகோள் இதுதான். பாஞ்சோ போல்ற்றுகளை விட்டம், பிட்ச், நீளம் பார்த்துத் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு, மேலே அளவை எழுதி வையுங்கள். போல்ற் விற்கும்போது இரண்டு புதிய வாஷர்களையும் சேர்த்தே கொடுங்கள். வேண்டாம் என்றாலும் எடுத்து வையுங்கள். பிட்ச் பார்க்கும் சீப்புப் போன்ற தகட்டுக் கருவி ஒன்று கடைமேசையில் தொங்கினால் யாருக்கும் நட்டமில்லை. வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே உள்ளது. அந்தச் சீட்டில் ‘போல்ற் 1’ என்று மட்டும் எழுதாமல் அளவையும் எழுதினால், பிழைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் சரியானதைக் கேட்டு வாங்கவும் இரு தரப்புக்கும் வசதியாக இருக்கும். இறக்குமதி முகவர்களும், ஹோஸையும் கண்களையும் போல்ற்றையும் முழுத் தொகுதியாக மட்டும் விற்காமல், போல்ற்றையும் வாஷரையும் தனியாகவும் மாவட்டக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும். முழுத் தொகுதியை வாங்க வசதியில்லாதவரே பிறேக் போல்ற்றைத் தேடிப் போகிறார்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அதன் அருகே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் எங்கள் மாவட்டங்களில் இயங்குகின்றன. அங்கு படிக்கும் பிள்ளைகள் நன்றாகவே கற்கிறார்கள் என்பதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் வீதியோரக் கராஜ்களில் வேலை செய்வோரில் பலர் பாடசாலையை விட்டு நேரே ஸ்பானரைப் பிடித்தவர்கள். கராஜைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வகுப்புக்குப் போக அவர்களால் முடியாது. புரி அளத்தல், வாஷர், விசையளந்து இறுக்குதல், ஹோஸ் தெரிவு ஆகிய இவற்றை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ வந்து செய்து காட்டினால் போதும். மண்டபம் வேண்டாம், ஒரு கராஜின் முற்றமும் ஒரு பழைய எஞ்சினும் போதும். அறுவடைக் காலத்தில் மட்டும் வைக்க வேண்டாம், அப்போது அவர்கள் அனைவரும் இயந்திரங்களோடு வயலில் நிற்பார்கள்.

என் எஞ்சினைப் பூட்டிய இளைஞரைப் பிறகு போய்ச் சந்தித்தேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. பிய்ந்த புரி சிக்கிய அந்தப் போல்ற்றையும் மூலப் போல்ற்றையும் அவர் கையில் கொடுத்து, ஒட்டவைத்து வெளிச்சத்துக்குப் பிடிக்கச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை எனக்கு ஒருத்தரும் காட்டித் தரேல்லை அண்ணை” என்றார். கூலி வாங்கிய காசைத் திருப்பித் தர முன்வந்தார், நான் வாங்கவில்லை. அந்தப் போல்ற்றும் தழும்பு விழுந்த இரண்டு வாஷர்களும் இன்னும் என்னிடம் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கின்றன. மேலே சொன்னவாறு ஒரு செயல்முறை வகுப்பு நடத்த எந்தப் பயிற்சி நிலையமாவது முன்வந்தால் அவற்றையும், கழற்றி வைத்த பழைய கேம் தண்டையும் கொண்டுவந்து தருவேன். பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.